மூச்சிரைப்பும் நோன்பும்



நெய்வேலியில் 1962 முதல் 2020 வரை ஓடிய முதல் அனல்மின் நிலையத்திலும், நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம் ஜமாஅத்தில் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம். அதில் என் குறையும் இருக்கிறது.

தூசியில் வேலை, போதாததற்கு நாற்பதாண்டு பீடி. பீடியை விட்டுப் பத்தாண்டாகியும் மூச்சுக்குழல்கள் சுருங்கியது சுருங்கியதுதான். மருத்துவர் சீட்டில் ‘சி.ஓ.பி.டி.’ என்றிருக்கும், வீட்டில் ‘இழுப்பு’ என்பார்கள். உள்ளே போன காற்று முழுதும் வெளியேறாமல் நெஞ்சில் தேங்கிவிடும். அடியோடு குணமாகாது, மருந்தாலும் பழக்கத்தாலும் அடக்கி வைக்கலாம். 2021-ல் மட்டும் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இந்நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

சென்ற ரமலானுக்கு முன், “ஹஜ்ரத்! பகலில் பஃப் இழுத்தால் நோன்பு கூடுமா?” என்று கேட்டார். “முறிந்துவிடும் அத்தா” என்றேன். அத்துடன் நிறுத்திக்கொண்டேன். பதினோராம் நோன்பன்று, அஸருக்குப் பின், உதடு நீலம் பாரித்த நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பஃப் தலையணைக்கடியில் இருந்ததாம். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தார்.

நான் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். பகரா சூராவின் 184, 185-ஆம் ஆயத்துகளில் அல்லாஹ் நோயாளிக்குச் சலுகை தந்து, நமக்கு இலகுவையே நாடுவதாக அறிவிக்கிறான். பஃப் நோன்பை முறிக்கும் என்பதே நம் ஷாஃபிஈ, ஹனஃபீ உலமாக்களில் பலருடைய கருத்து. ஷைகு இப்னு பாஸ் போன்றோர் முறிக்காது என்றனர். எதை எடுத்தாலும், மூச்சு முட்டும்போது பஃப்பை ஒதுக்கி வைக்க எவரும் சொல்லவில்லை. நோன்பால் தீங்கு வரும் என்று நம்பிக்கையான மருத்துவர் கூறினால், தீராத நோயாளி நோன்பை விட்டு ஃபித்யா கொடுப்பார், களா இல்லை. ஷாஃபிஈக்கு நாளொன்றுக்கு ஒரு ‘முத்து’ தானியம், ஹனஃபீக்கு ஒரு ஃபித்ரா அளவு. சிலருக்கு சஹரிலும் இஃப்தாரிலும் இழுக்கும் மருந்தே போதுமானதாயிருக்கும். அதை ஷஃபானிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுகையும் அப்படியே. மூலநோயால் வருந்திய இம்ரான் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததை புகாரீயில் காண்கிறோம். குனிந்தால் மூச்சு முட்டுகிறவர் உட்கார்ந்து, ருகூவைவிட ஸஜ்தாவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தலை தாழ்த்தட்டும். இகாமத் கேட்டு ஓடி வராதீர்கள். நிதானமாக நடந்து வருவதே நபிவழி. வழியில் இரைத்தால் நின்று, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் மெல்ல ஊதுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளி இரவு சாம்பிராணி நல்ல வழக்கந்தான். இழுப்புக்காரர் இருக்கும் வீட்டில் வேண்டாம். விறகடுப்புப் புகையும் கொசுவத்திப் புகையும் அப்படித்தான். பீடி குடிக்கும் மகனை வாசலுக்கு அனுப்பினால் போதாது, பீடியையே விடச் சொல்லுங்கள்.

இவ்வாண்டு ஷஃபானிலேயே பெரியவரின் மகன் வந்து, ரமலானில் ஃபித்யா அரிசியை யாருக்குக் கொடுக்கலாம் என்று விசாரித்துப் போனார். பெரியவர் இப்போது கடைசி ஸஃப்பில் நாற்காலியில் தொழுகிறார். சட்டைப்பையில் பஃப் இருக்கிறது.