மௌனமும் மறுப்பும்

கடிதத்துக்குப் பதில் வராதவிடத்து மனிதர் அதனைக் கோபமென்றோ மறதியென்றோ தபாலின் தாமதமென்றோ ஊகித்துக்கொள்வர். ஊகம் பிழைத்தால் பின்னர் திருத்திக்கொள்வர். ஒரு கருவிக்குக் கட்டளை விடுத்து அதன் பதிலுக்குக் காத்திருக்கும் செய்நிரலை எழுதுபவருக்கு இவ்வசதி இல்லை. மௌனத்துக்கு என்ன பொருள் கொள்வதென்பதை அவர் முன்கூட்டியே எழுத்திற் பொறித்துவிட வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி ஆக்கிய சீ மொழி, கருவிகளோடு நேர்நின்று உரையாடுவதற்கு இன்றும் பெரிதும் கையாளப்படுவது. அம்மொழியில் எழுதப்படும் நிரல்கள் அழைக்கும் 'செலக்ட்' என்னும் சார்பு, 1983இல் வெளிவந்த பேர்க்லி யுனிக்ஸில் இடம்பெற்றது. கருவியிடமிருந்து ஏதேனும் வந்துளதா என அது காத்திருந்து பார்க்கும். வந்திருப்பின் நேர் எண்ணொன்றைத் தரும்; பிழை நேரின் மறை ஒன்றைத் தரும்; குறித்த காலம் வீணே கழியின் பூச்சியத்தைத் தரும். பிழைக்கும் மௌனத்துக்கும் வெவ்வேறு எண்கள் வகுத்தமை நுண்ணறிவின்பாற்பட்டது. ஆயினும் அப்பூச்சியம் கூறுவது யாது? கட்டளை கருவியைச் சென்றடையாதிருக்கலாம். சென்றடைந்தும் வேலை முடியாதிருக்கலாம். வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். காத்திருப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதையும் எழுதுபவரே வகுக்க வேண்டும். காலம் குறியாது விட்டால் அச்சார்பு முடிவின்றிக் காத்திருக்கவும் கூடும்.

பொறியியல் வினா அறவினாவாக மாறுமிடம் இதுவே. வெப்பமானியிடம் வெப்பநிலையை இருமுறை கேட்பதால் எவருக்கும் கேடில்லை. மருந்தேற்றும் பம்பியிடம் ஐந்து மில்லிலீற்றர் செலுத்துமாறு கூறி, பதில் வராமையால் மீண்டும் கூறினால், நோயாளியின் உடலிற் சென்றது ஐந்தா, பத்தா? முன்னையது கேள்வி, பின்னையது செயல். நிரலிலோ இரண்டும் ஒரேவகை அழைப்பாகவே எழுதப்படுகின்றன. பதில் வராவிடின் மும்முறை முயல்க என்பது பரவலான வழக்கம். (மூன்று என்னும் எண்ணுக்கு வழக்கமன்றி வேறு ஆதாரம் காண்பதரிது.) அவ்வழக்கம் கேள்வியிற் பொறுமை, செயலிற் பொறுப்பின்மை. ஒவ்வொரு கட்டளைக்கும் தொடரிலக்கம் இட்டு, ஒரே இலக்கத்தைக் கருவி இருமுறை நிறைவேற்றாதவாறு அமைத்தல் ஒரு வழி. அதற்கும் இடமில்லையாயின் நிரல் நின்று மனிதரை அழைப்பதே தகும்.

ஆனால் அழைக்கப்படும் மனிதருக்கு உண்மை தெரிவிக்கப்பட வேண்டுமே. 1986 மார்ச்சில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சைப் பொறி, 'செயற்கேடு 54' எனத் திரையிற் காட்டி நின்றது. அதன் நிரல் சீயில் அன்றி அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. வினா மட்டும் இதுவே. கோரப்பட்டது 202 அலகு. செலுத்தப்பட்டதாகத் திரை காட்டியது 6 அலகு. கதிர் போதவில்லை எனக் கொண்டு, பொறியை இயக்கியவர் தொடர்வதற்குரிய விசையை அழுத்தினார். உண்மையில் முதன்முறையே அளவுக்குப் பன்மடங்கு மேலாகக் கதிர் பாய்ந்திருந்தது. மேசையினின்றும் எழ முயன்ற நோயாளியை இரண்டாம் முறையும் அது தாக்கியது. ஐந்து மாதங்களின் பின் அவர் இறந்தார். சிகிச்சை அறையை வெளியிலிருந்து காண்பதற்கான திரை அன்று இணைப்பற்றுக் கிடந்தது. உள்ளிருந்து வரும் குரலைக் கேட்பிக்கும் கருவியும் பழுதாயிருந்தது.