தாய் குற்றவாளியா?

பெண் பிறந்தால் "உன்னால்தான்" என்று மருமகளை ஏசுகிறது நம் குடும்பம். பிறந்த ஆண்மகன் குருதி உறையாமல் துடித்தாலோ, அப்போதும் "உன்னால்தான்!" எது நேரினும் கூண்டிலே நிற்பவள் அவளே. இதுவா நீதி என்று கேட்கிறோம்.

முதற் குற்றச்சாட்டு பச்சைப் பொய். தாய் வழங்குவது எக்ஸ் குரோமோசோம் ஒன்றே. எக்ஸோ ஒய்யோ வழங்கி, பெண்ணா ஆணா என்பதை முடிவு செய்வது தந்தையின் உயிரணு. புழுவண்டுகளை ஆராய்ந்து 1905-இல் இதனை எடுத்துக்காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் எனும் அமெரிக்கப் பெண்மணி. நூறாண்டு கடந்தும் நம் மாமியார்களின் காதில் அது விழவில்லை, மாமனார்களின் காதிலுந்தான்!

இரண்டாவது குற்றச்சாட்டு அத்துணை எளிதன்று. ஹீமோபிலியா எனும் குருதி உறையா நோய்க்குரிய மரபணு எக்ஸில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று பெரும்பாலும் காக்கும். ஆணுக்கு இருப்பதோ ஒன்றே. ஆகவே சுமப்பவள் தாய், துன்புறுபவன் மகன். அத்தகைய தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அரச குருதி என்று பீற்றிக்கொண்டோரையும் அது விடவில்லை. விக்டோரியா அரசியின் மகன் லியோபோல்டு 1884-இல் வழுக்கி விழுந்து முப்பது வயதில் மாண்டார். அவ்வரசியின் கொள்ளுப்பேரன், 1904-இல் பிறந்த உருசிய இளவரசன் அலெக்சிக்கும் அதே நோய்தான்.

சுமந்தாள், மெய். அறிந்தா சுமந்தாள்? தேர்ந்தெடுத்தா கொடுத்தாள்? நோயுற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இந்நோய் இருந்ததே இல்லை. மரபணு புதிதாகத் திரிந்ததன் விளைவு அது. அங்கே யாரை ஏசுவது?

'முன்வினை' என்பார் உளர். தமிழ்ச் சமணரின் மடம் விளங்கும் மேல்சித்தாமூரில் வாழும் நமக்கு வினை பற்றிய பேச்சு புதிதன்று. அக்கொள்கையை நாம் ஏற்கவில்லை. எனினும், அவரவர் வினை அவரவர்க்கே என்பதன்றோ சமணம்? மகனின் முழங்காலில் கட்டிய குருதிக்குத் தாயைத் தூற்ற அதிலேகூட இடமில்லையே! அன்றியும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கடும் நோயுற்ற ஐவரின் குருதி மூலச் செல்களில் நல்ல மரபணுவைப் புகுத்தினர். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் குருதிக்கசிவு நேரவில்லை என 2024-இல் அறிவித்தனர். வினையென்றால், அது மருத்துவரின் கைக்கு இளகியது எப்படி?

குற்றம் இல்லை, பொறுப்பு உண்டு. அறிந்தபின் வருவது அது. தாய்மாமனுக்கே பெண்ணைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடை இன்னும் முற்றாக மறையவில்லை. மாமன் ஹீமோபிலியா உடையவனாயின், அவன் தமக்கை அப்பழுதைச் சுமக்கக்கூடும். தமக்கையின் மகளும் சுமக்கக்கூடும். அம்மகளையே அவன் மணந்தால்? பிறக்கும் பெண் குழந்தைக்குத் தந்தையின் பழுதான எக்ஸ் உறுதி. தாயும் சுமப்பவளாயின், இரண்டாவதும் பழுதாக அமையும் வாய்ப்பு பாதி. அப்போது காக்க ஒன்றும் இல்லை; பெண்ணும் மகனைப்போலவே துன்புறுவாள். பத்துப் பொருத்தம் பார்க்கும் சோதிடரிடம் இப்பொருத்தம் இல்லை.

ஆதலின், நோய் தோன்றிய குடும்பத்தில் மணம் பேசுமுன் மருத்துவரிடம் கேளுங்கள் என்கிறோம். கேட்கப் போகும்போது பெண்ணை மட்டும் தனியே அனுப்ப வேண்டா. மாப்பிள்ளையும் போகட்டும். மாமியாரும் உடன் செல்லலாம், தடையில்லை.