தேடி வருபவன் உடையவனே



பந்தல்குடிச் சுற்றுவட்டாரம் வானம் பார்த்த கரிசற்பூமி. மழை பொய்த்த ஆண்டிலும் ஒரு குடும்பத்தைக் கைவிடாமல் தாங்கி நிற்பவை ஆடும் மாடுமே. மாலையில் ஒரு குட்டியோ கன்றோ வீடு திரும்பவில்லையென்றால், அவ்வீட்டாருக்கு அன்றிரவு உறக்கமில்லை. கை கூப்பிப் பெருமாளை அழைப்பார்கள். “மோக்ஷம் தரும் ஸ்வாமியிடம் ஓர் ஆட்டுக்குட்டிக்காகவா முறையிடுவது?” என்று சிலர் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்தின் 19ஆம் அத்தியாயம் அழகிய விடை தருகின்றது.

அது கோடைக்காலம். பாண்டீரம் என்னும் ஆலமரத்தருகே ஆயர்சிறுவர் விளையாட்டில் மெய்ம்மறந்திருந்தனர். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் பசுக்களும் எருமைகளும் புல்லாசையால் நெடுந்தூரம் சென்றுவிட்டன. ஒரு காட்டினின்று மறுகாடு புகுந்து, முஞ்சைப்புல் மண்டிய காட்டில் வழிதப்பி, வெப்பத்தாலும் தாகத்தாலும் கதறின. அவை தொலைந்ததற்குக் காரணம் இரண்டு. காப்பவரின் கவனம் விளையாட்டில் சென்றது ஒன்று. மேய்ந்தவை தலைநிமிராமல் புல்லின் பின்னே சென்றது மற்றொன்று. இன்று நம் வீட்டுக் கன்று தொலைவதும் பெரும்பாலும் இவ்விரண்டினால்தான்; நம் ஆன்மா திசைகெட்டு அலைவதும் பெரும்பாலும் இவ்வாசையினால்தான்.

மந்தையைக் காணாத ஆயர்கள் தங்கள் ஜீவனமே போயிற்றென்று கலங்கினர். கண்ணனும் பலராமனும் அவர்களோடு சேர்ந்தே தேடினர். எப்படித் தேடினர்? மண்ணிற் பதிந்த குளம்படிகளைப் பார்த்தனர். பல்லாற் கடிபட்டும் குளம்பால் அறுபட்டும் கிடந்த புல்லைப் பார்த்தனர். அத்தடத்தின் வழியே நடந்தனர். எல்லாம் அறிந்த எம்பெருமான் இருந்த இடத்திலிருந்தே ஒரு சங்கற்பத்தால் மந்தையை வரவழைத்திருக்கலாகாதோ? ஆகும். ஆயினும், தொலைந்ததன் அடிச்சுவட்டிலே தன் திருவடி நோவ நடப்பதையே அவன் திருவுள்ளம் உகந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த பெரியாழ்வார், வெயிலுக்குக் குடையோ காலுக்குச் செருப்போ இல்லாமல் பிள்ளையைக் கன்றின் பின்னே அனுப்பிவிட்டதற்காக யசோதையின் நிலையில் நின்று உருகியதும் இதனாலன்றோ!

பின்பு கண்ணன் மேகம் போன்ற கம்பீரமான குரலில் பசுக்களை அவையவற்றின் பெயர் சொல்லி அழைத்தான். தம் பெயரைக் கேட்ட பசுக்கள் மகிழ்ந்து எதிர்க்குரல் கொடுத்தன. ‘ஏன் ஓடினாய்?’ என்று அவன் கடிந்ததாகவோ, கோல்கொண்டு அடித்ததாகவோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. அந்நேரத்தில் காட்டுத்தீ நாற்புறமும் சூழ்ந்தது. “அஞ்சாதீர்கள், கண்களை மூடிக்கொள்ளுங்கள்” என்று தோழர்களுக்குச் சொல்லி, அத்தீயைத் தானே விழுங்கினான். கண்திறந்தபோது ஆயரும் மந்தையும் பாண்டீர மரத்தடியில் இருந்தனர். மாலையில் குழலூதிக்கொண்டு அனைவரையும் ஆய்ப்பாடிக்கு அழைத்து வந்தான். கண்டுபிடித்ததோடு அவன் பணி முடியவில்லை. வீடு சேர்த்தபின்னரே முடிந்தது என்பதை ஈண்டு உணர்தல் வேண்டும்.

நம் பூர்வாசார்யர்கள் காட்டும் தத்துவமும் இதுவே. ஜீவன் சொத்து, எம்பெருமான் அதனை உடைய ஸ்வாமி. சொத்துத் தொலைந்தால் தேடவேண்டியவன் உடையவனேயாவன். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாய்ப்பூனை கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் உவமையாகச் சொல்லிப் பெரியோர் விரிவாக விசாரம் செய்துள்ளனர். முஞ்சைக்காட்டுப் பசுக்கள் செய்தது யாது? வழியைக் கண்டுபிடிக்கவில்லை, தீயை அணைக்கவில்லை. அழைத்த குரலுக்கு மறுகுரல் கொடுத்தன. விலகி ஓடாமல் நின்றன. நம்மிடம் எம்பெருமான் எதிர்பார்ப்பதும் அவ்வளவே.

இந்நாளில் மாடுகளின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை மாட்டுகிறார்கள். கால்நடை இன்னாருடையது என்பதைப் பதிவேட்டிலிருந்து அறிய அது உதவுகின்றது. ஸமாச்ரயணத்தில் ஆசார்யன் நம் தோள்களில் சங்க சக்ரப் பொறி ஒற்றுவதும் இத்தகையதே. நாம் எங்கே அலைந்தாலும், ‘இவன் இன்னாருடைய சொத்து’ என்று அது பறைசாற்றும்.

ஆகவே, தொலைந்த வாயில்லா ஜீவனுக்காகப் பெருமாளை அழைப்பது சிறுமையன்று. அவன் தானே செய்து காட்டிய தொழிலில் அவனைத் துணைக்கு அழைப்பதேயாம். ஆனால் அழைத்துவிட்டு வாளாவிருத்தல் தகாது. காணவில்லையென்று அறிந்த அப்பொழுதே, தடம் கலையுமுன் புறப்படுங்கள். கண்மாய்க் கரையையும் கிணற்றடியையும் கருவேலங்காட்டு நிழலையும் கைவிடப்பட்ட பள்ளங்களையும் பாருங்கள். அதற்குப் பழகிய குரலில், பழகிய பெயரைச் சொல்லி, அன்றாடம் தீவனம் வைக்கும் கையோடு அழையுங்கள். கண்டவுடன் துரத்தாதீர்கள், மிரண்டது மேலும் ஓடும். கிடைத்தபின் அடியாதீர்கள்; அடிபட்டது மறுமுறை அழைத்தால் வாராது.

திருவிழாவின் அதிர்வேட்டுக்கு அஞ்சி நாயும் கன்றும் ஓடுவதுண்டு. வேட்டுப் போடும் வேளையில் அவற்றை வீட்டினுள்ளே வையுங்கள். ஊர் திரும்பும் வழியில் திகைத்து நிற்கும் ஒரு ஜீவனைக் கண்டால், நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டி, அருகிலுள்ள ஊராரிடம் சொல்லிச் செல்லுங்கள். அதனைத் தேடி ஒருவர் வெயிலில் வந்துகொண்டிருப்பார். அவருக்கு உதவுவது, முஞ்சைக்காட்டில் கண்ணனுடன் நடந்த ஆயர்சிறுவரின் கைங்கர்யத்தில் ஒரு பங்கு பெறுவதாகும்.

ஆநிரை காத்த பெருமான் அனைவரையும் நலமே வீடு சேர்ப்பானாக!

சுபம்.