சுமப்பவரே சொல்லட்டும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வீட்டை எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் குறைந்த மகன் மூலையில் அமர்ந்திருக்கிறான். வருவோரெல்லாம் ஒன்றைச் சொல்லிச் செல்கின்றனர். “ஓசூருக்கு வேலைக்கு அனுப்புங்கள்” என்கிறார் ஒருவர். “என் மகனைப் போல் பாலிடெக்னிக்கில் சேருங்கள்” என்கிறார் மற்றொருவர். எவருடைய உள்ளத்திலும் தீமை இல்லை. ஆயினும் மாலைக்குள் அம்மகன் முன்னிலும் குழம்பிப் போகிறான். நல்ல அறிவுரை எது? தீய அறிவுரை எது?

இவ்வினாவிற்கு விடை தேட, நமக்குச் சற்றுத் தொலைவான ஒரு விளையாட்டைக் காண்போம். வேலை தேடிப் பெங்களூர் சென்ற நம்மவருள் சிலர், 1876-இல் தோன்றிய கோல்ஃப் கழகத்தின் பசும்புல்வெளியை மதிலுக்கு வெளியே நின்று கண்டிருக்கலாம். கிரிக்கெட்டில் பந்து விரைந்து வருகிறது. எண்ணிப் பார்க்க நேரமில்லை. கோல்ஃபிலோ பந்து அசையாது கிடக்கிறது. அதன்முன் நிற்பவனின் உள்ளத்தில், கேட்ட அறிவுரைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குகின்றன.

அவற்றுள் மிகப் பழையது, “தலையை நிமிர்த்தாதே” என்பது. பந்து சரியாகப் படாதபோதெல்லாம் அருகில் நிற்பவர் இதையே சொல்வார். உண்மைக் காரணம் பெரும்பாலும் நிற்கும் நிலையிலோ மட்டையைப் பிடிக்கும் முறையிலோ இருக்கும். தலையை வலிந்து தாழ்த்தியவனின் உடல் இயல்பாகத் திரும்ப இயலாமல் ஆட்டம் மேலும் கெடும். கண்ணில் பட்ட குறையைச் சொல்வது எளிது. வேரைக் காண்பது அரிது.

பந்தை நெடுந்தொலைவு அடிக்கும் வழியைச் சொல்லவும் பலர் முந்துவர். ஆனால் 72 அடிகளில் முடிக்க வேண்டிய ஆட்டத்தில், குழியருகே பந்தை மெல்ல உருட்டுவதற்கே 36 அடிகள் கணக்கிடப்பட்டுள்ளன. அந்தச் சிற்றடிகளை நாள்தோறும் பழகு என்பதே நல்ல அறிவுரை. அதில் கவர்ச்சியில்லை, கேட்போரும் குறைவு.

அமெரிக்க வீரர் ஜிம் ஃபியூரிக் மட்டையைச் சுழற்றும் விதம் விந்தையானது. அதைத் திருத்தச் சொன்னோர் உண்டு. அவருக்குக் கற்பித்த தந்தையோ, சுழற்சி எப்படியிருப்பினும் மட்டை பந்தைச் சந்திக்கும் கணம் சரியாக இருப்பதைக் கண்டார். மகனை மகனாகவே விட்டார். அவர் 2003-இல் அமெரிக்க ஓபனை வென்றார். 2016-இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். பிறர் கண்டது வழக்கத்தினின்று விலகிய ஓர் அசைவை. தந்தை கண்டதோ மகனை.

இவ்விளையாட்டின் விதியொன்று இன்னும் ஆழமானது. போட்டி நடக்கும்போது ஒருவர் தம் எதிராளிக்கு அறிவுரை கூறினால் தண்டனை உண்டு. தனியாக ஆடுபவர் ஒருவரிடம் மட்டுமே அறிவுரை கேட்கலாம்: அவருடைய மட்டைப் பையைச் சுமந்து உடன் நடக்கும் உதவியாளரிடம். சுமையைச் சுமப்பவருக்கே சொல்லும் உரிமை! 1991-இலும் 1993-இலும் இந்திய ஓபனை வென்ற அலி ஷேர், தில்லியில் அவ்வாறு பை சுமந்து வளர்ந்தவரே.

அப்படியானால் வாய்மூடி இருப்பதே அறமா? அன்று. மகன் பள்ளத்தை நோக்கி நடப்பதைக் கண்டும் அவன் மனம் நோகுமென்று அஞ்சிப் பேசாதிருப்பது அன்பாகாது. நம் தகடூர் மண்ணில் அதியமானின் அவையில் வாழ்ந்த ஔவை, தொண்டைமானிடம் தூது சென்றபோது, அவனுடைய படைக்கலங்களைப் புகழ்வதுபோலப் பேசியே போரின் தன்மையை உணர்த்தினார். தன் மன்னனின் கவலையைத் தன் கவலையாகச் சுமந்து சென்றவர் அவர். ஆதலால் அச்சொல்லில் துணிவும் இருந்தது, கனிவும் இருந்தது.

மீண்டும் அந்த வீட்டிற்கு வருவோம். மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம், “உனக்கு எதில் விருப்பம், தம்பி?” என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. நாமாவது அவனருகே அமர்வோம். அவன் சுமையில் ஒரு பகுதியை நம் தோளுக்கு மாற்றுவோம்: கட்டணத்திற்கு ஒரு தொகை, கல்லூரி வாயில்வரை ஒரு துணை, தோற்றால் திரும்பி வர ஒரு வாசல். அதன்பின் சொல்ல ஏதேனும் எஞ்சியிருப்பின், சொல்வோம்.