தொட்டியில் கீரை போடச் சொன்னேன்

போன தீபாவளிக்கு முன்பு பூச்சோங்கில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்கு உணவுப் பொருள் கொடுக்கப் போனோம். அரிசி, சீனி, மீ, சார்டின், இனிப்புப் பால் டின். நான்காம் மாடியில் ஓர் அக்கா வீட்டில் ஒன்றரை வயதுப் பையன் சோற்றில் கிச்சாப் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பெரிய மனிதன் மாதிரி, "வாசல்ல நாலு தொட்டி வச்சு கீரை போடலாமே அக்கா, காசு மிச்சமாகும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தம்பி, காலைல அஞ்சு மணிக்கு பெக்டரி பஸ். வீடு வர ராத்திரி எட்டு. தண்ணி யாரு ஊத்துவா? நடைபாதையில தொட்டி வச்சா எடுத்துடுவாங்க."

ஏழையிடம் "நீயே விளைவித்துக்கொள்" என்பது நல்ல யோசனையா, இல்லை நம் கடமையை அவர் தலையில் ஏற்றுவதா? அன்றிலிருந்து இது என்னை விடவில்லை.

என் பாட்டி பூச்சோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்துக்குப் பின்னால் முருங்கை, பசளை, நாலு கோழி. அவரும் ஏழைதான். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் புஷ்டியாக இருந்தார்கள் என்று கதை விட மாட்டேன். சோகையும் குடற்புழுவும் அங்கேயும் இருந்தன. ஆனாலும் காலுக்குக் கீழே மண் இருந்தது. தோட்டங்கள் தாமான்களாக மாறியபோது அந்த மண் போய்விட்டது. இப்போது நாம் விதைப் பொட்டலத்தோடு மாடி ஏறுகிறோம்.

2018இல் யுனிசெப் கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகள் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். 6 முதல் 23 மாதப் பிள்ளைக்கு ஒரு நாளில் தாய்ப்பாலையும் சேர்த்து எட்டு வகை உணவில் ஐந்தாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்தப் பையன் தட்டில் இருந்தது ஒன்று. வங்காளதேசத்தில் பல ஆண்டுகளாக வீட்டுத் தோட்டமும் கோழியும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தட்டில் வகை கூடுகிறது. உயரம் அவ்வளவு லேசில் கூடுவதில்லை. நோய், தண்ணீர், தாயின் உடல்நிலை எல்லாம் சேர்ந்த விஷயம் அது.

"கொடுத்துக் கொடுத்தே கெடுக்கிறோம்" என்றார் எங்கள் குழுவில் ஒருவர். அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதே அடுக்குமாடியில் கீழ்வீட்டுப் பாட்டி லோங்கான் ஓரம் பொன்னாங்கண்ணி போட்டிருக்கிறார்; கேட்டவர்க்கெல்லாம் கிள்ளித் தருகிறார். அந்தக் கையில் இருக்கும் பெருமை நம் பொட்டலத்தில் கிடையாது. ஆனால் பாட்டிக்கு நேரம் இருக்கிறது, தரைவீடும் இருக்கிறது. தைத்திரீய உபநிஷதம் உணவைப் பெருக்கச் சொல்கிறது. வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் உடனே சொல்கிறது. இடமும் நேரமும் உள்ளவனுக்குச் சொன்னதாகவே எனக்குப் படுகிறது.

அதனால் பொட்டலத்தை மாற்றினோம். சீனியும் பால் டின்னும் போய், பருப்பும் நெத்திலியும் முட்டையும் வந்தன. அதற்குப் பெரிய சண்டை. கோயில் இளைஞர்கள் முட்டை கொடுக்கலாமா? நான் சைவம். என் விரதம் எனக்கு. அடுத்த வீட்டுக் குழந்தையின் வயிற்றில் அதைத் திணிக்க எனக்கு என்ன உரிமை? ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் கீரை போட்டிருக்கிறோம். ஞாயிறுக்கு இருவர் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். முதல் காங்கோங்கைப் பூச்சி தின்றது. இரண்டாவது தேறியது, அக்காவுக்கும் ஒரு கட்டுக் கொடுத்தோம். பையன் கீரையைத் துப்பிவிட்டானாம், முட்டையை மட்டும் தின்றானாம்.