காத்திருக்கும் காலத்தில் பிள்ளைகளின் தர்மம்

பிறப்பும் மூப்பும் பிணியும் சாக்காடும் உடம்பெடுத்த எவருக்கும் பொதுவானவை. செல்வர், வறியவர், அடியார், அடியார் அல்லாதார் என்ற பேதம் பிணிக்கு இல்லை. இதை அறிந்தவர்களும், தாய்க்கோ தந்தைக்கோ புற்றுநோய் என்று வைத்தியர் கூறும்போது கலங்கிவிடுகின்றனர். அதிலும் கடினமானது, நோய் இன்னதென்று தெரிந்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலமாகும். அக்காலத்தில் பிள்ளைகளின் தர்மம் யாது என்று சிந்திப்பது பயனுடையது.

“நோய் தெரிந்த பின்னும் ஏன் இன்னும் மருந்து தரவில்லை?” என்று வீட்டார் தவிப்பது இயல்பே. திருக்குறளில் “மருந்து” என்னும் 95 ஆவது அதிகாரம் இதற்கு விடை தருகின்றது. நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே வைத்தியம் செய்ய வேண்டும் என்றும், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருத வேண்டும் என்றும் வள்ளுவர் வகுக்கிறார். இன்றைய வைத்தியசாலையில் நடப்பதும் அதுவே. எடுத்த சதைத்துண்டைச் சோதித்து நோயின் வகையை அறிகின்றனர். ஸ்கான் எடுத்து அது எவ்வளவு பரவியுள்ளது என்று பார்க்கின்றனர். இரத்தம், இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் பலத்தைக் கணிக்கின்றனர். அதன் பின்னரே சத்திரசிகிச்சையா, கதிர்வீச்சா, ஊசிமருந்தா, எது முன், எது பின் என்று தீர்மானிக்கின்றனர்.

அதே அதிகாரம் வைத்தியத்துக்கு நான்கு அங்கங்கள் கூறும். நோயாளி, வைத்தியர், மருந்து என்ற மூன்றோடு, அருகிருந்து பராமரிப்பவரும் ஓர் அங்கமாவார். மருந்து தொடங்காத நாட்களிலும் இந்த நான்காவது அங்கம் வேலை செய்ய முடியும். கிளினிக் கொப்பியையும் அறிக்கைகளையும் ஒழுங்காக வைத்திருத்தல், வழமையாகப் பாவிக்கும் பிறஷர், சீனி வருத்தக் குளிசைகளையும் நாட்டு மருந்துகளையும் வைத்தியரிடம் மறைக்காது கூறுதல், கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்துக் கேட்டல், உடல் மெலியாதபடி இயன்ற உணவைக் கொடுத்தல் என்பன யாவும் பணிவிடையே. அறிக்கை வரவேண்டிய திகதி கடந்தால் போய் விசாரிக்க வேண்டும். இரத்தப்போக்கு, காய்ச்சல், மூச்சுத்திணறல், விழுங்க முடியாமை என்பன கண்டால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராது உடனே கொண்டு செல்ல வேண்டும். விரதம் நேர்ந்திருந்தால், நோயாளிக்குப் பதிலாகப் பிள்ளைகள் நோற்கலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளை தொலைபேசியில் ஆலோசனை சொல்வதோடு நில்லாது, அருகிருப்பவரின் களைப்பையும் விசாரிப்பது நல்லது.

இனி, பல குடும்பங்களைத் தடுமாற வைக்கும் கேள்வி ஒன்றுண்டு. நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா?

“அம்மா தாங்கமாட்டா” என்று எண்ணிப் பிள்ளைகள் “அல்சர்” என்று சொல்லி வைக்கின்றனர். தீங்கு கலவாத நன்மையைத் தருமிடத்து உண்மையல்லாததும் உண்மைக்கு நிகராகும் என்ற வள்ளுவர் கருத்தையும் துணைக்கு அழைப்பர். ஆனால் அங்கே வள்ளுவர் விதித்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். நன்மை தீங்கு கலவாததாக இருத்தல் வேண்டும். மறைப்பதால் தாய் இழப்பவை பல. தன் உடம்பில் செய்யப்போகும் சிகிச்சைக்குச் சம்மதிக்கவோ மறுக்கவோ உள்ள உரிமை, காணி, வீட்டு அலுவல்களைத் தன் கையால் ஒழுங்குசெய்யும் வாய்ப்பு, வைத்த நேர்த்தியை நிறைவேற்றும் ஆறுதல், காண விரும்பும் பிள்ளையை வரச்சொல்லும் நேரம் ஆகிய யாவும் அவருக்குத் தெரியாமலே பறிபோகின்றன.

அதுமட்டுமன்று. வைத்தியசாலை வாசலிலுள்ள பெயர்ப்பலகையைத் தாயும் வாசிப்பார். பிள்ளைகள் வேதனைப்படுவார்களே என்று அவரும் அறியாதவர் போல இருப்பார். தாய் பிள்ளைக்காகவும் பிள்ளை தாய்க்காகவும் நடிக்க, ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே அழுவர். அன்பினால் தொடங்கிய பொய், அன்பு பேச வேண்டிய நேரத்தில் அதன் வாயை அடைத்துவிடுகின்றது.

ஆகவே மறைத்தல் தர்மமாகாது. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்பதுமில்லை. அவர் கேட்கும் அளவுக்கு, கேட்கும் வேளையில், வைத்தியர் கூறியதைக் கூட்டாமல் குறைக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் போதும். “எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நீங்களே பாருங்கோ” என்று அவர் சொன்னால், அதையும் மதிக்க வேண்டும். எவ்வளவு அறிய வேண்டும் என்ற தீர்மானம் அவருடையதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

நோயாளியைப் பார்க்க வருவோருக்கும் ஒரு தர்மம் உண்டு. “என்ன பாவம் செய்தாரோ” என்னும் சொல் நோயிலும் கொடியது. சைவம் வினைக்கொள்கையை ஏற்கின்றது. ஆனால் அதைக் கொண்டு பிறரைக் குற்றஞ்சாட்டச் சொல்லவில்லை. திருச்செங்கோட்டில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபோது, திருஞானசம்பந்தர் வினை என்று வாளாவிருக்கவில்லை. உய்யும் வழியை நாடாதிருப்பதும் குறையே என்று உணர்த்தித் திருநீலகண்டப் பதிகத்தை அருளினார். சூலை நோயுடன் வந்த தம்பி மருணீக்கியாரைத் திலகவதியார் பழி சொல்லாது ஏற்று, திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாறு ஏற்கப்பட்டவரே திருநாவுக்கரசராகத் திகழ்ந்தார்.

உய்யும் வழி பிறர் கருணையாலும் வரும். 2011 ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் கால்நடையாக நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டினர். முகமறியாத நோயாளருக்காகத் தென்கோடியிலிருந்து நடந்து வந்தவர்கள் அவர்கள். பெற்ற தாயின் கட்டிலருகே அமர்ந்திருக்கப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை.

அர்ச்சனையும் நேர்த்தியும் மனத்துக்குப் பலம் தருவன. அவை சிகிச்சைக்குத் துணையாக நிற்க வேண்டுமேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கக்கூடாது. கோயிலில் கைகூப்பிய பிள்ளை வீடு திரும்பித் தந்தையின் காலைப் பிடித்துவிடும்போது அந்த வழிபாடு நிறைவடைகின்றது. நோயுற்றோர் அனைவருக்கும் சுகமும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையும் உண்மை பேசும் துணிவும் கிடைக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.