ரசீதில் வராத கட்டணம்

வாசலுக்கு வந்து குப்பையை வாங்கிச் செல்வதற்கு வீட்டாரிடம் தனிக் கட்டணம் கேட்கலாமா? கேட்டால், கட்டாதவர் வீட்டுக் குப்பையை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா? உள்ளாட்சிக் கூட்டங்களில் இவை வரவு செலவுக் கேள்விகளாக வந்துபோகின்றன. ஆனால் இவற்றின் அடியில் இருப்பது நியாயம் பற்றிய கேள்வி. குப்பையை அள்ளவும், கொண்டுபோகவும், கொட்டிய இடத்தைச் சீர்செய்யவும் ஆகும் செலவை யாராவது கொடுத்துத்தான் தீர வேண்டும். கட்டணமும் வேண்டாம், வரியையும் ஏற்ற வேண்டாம் என்று ஓர் ஊர் முடிவெடுத்தால் அந்தச் செலவு வேறொருவர் தலையில் இறங்கும். அது யார் தலை என்று பார்க்காமல் கட்டணம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

சென்னையில் இந்த வழக்கு மாநகராட்சியைவிடப் பழையது. 1670களின் இறுதியில் ஆளுநராக வந்த ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர், தெருக்களைச் சுத்தப்படுத்தும் செலவுக்காக வீட்டு வரி விதித்தார். இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்து மக்கள் எதிர்த்தார்கள். அடுத்த பத்தாண்டில், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிவாளத்தைப் பிடித்திருந்த ஜோசையா சைல்டு ஒரு யோசனை சொன்னார்: கம்பெனி அதிகாரத்தைக் காட்டிப் பிடுங்கும் சிறு தொகையைவிட, ஊரார் தாங்களே கூடி விதித்துக்கொள்ளும் பெருந்தொகையை மக்கள் மனமொப்பிக் கொடுப்பார்கள். 1688 செப்டம்பர் 29இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அது வணிகரின் தந்திரம்தான். ஆனாலும் அதில் ஓர் உண்மை உண்டு. எவ்வளவு வரி என்பதோடு, அதை விதிப்பவர் யார், யாருக்குக் கணக்குக் காட்டுகிறார் என்பதையும் சேர்த்தே மக்கள் எடைபோடுகிறார்கள்.

கட்டணத்துக்கான வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. குப்பையை உண்டாக்குவோர் உள்ளாட்சி நிர்ணயிக்கும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்றே 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. ஒரு வீட்டில் காய்கறித் தோலும் கொஞ்சம் காகிதமும்தான் குப்பை. இன்னொரு வீட்டில் தினமும் வந்திறங்கும் பார்சல்களின் அட்டையும் தெர்மாகோலும் குவிகின்றன. இருவருக்கும் ஒரே கணக்கு என்றால், சிக்கனமாக வாழ்பவர் தாராளமாக எறிபவருக்குப் படியளக்கிறார். தென்கொரியா 1995 முதல் குப்பைப் பைகளையே விலைக்கு விற்கிறது. அங்கே எறிய எறியச் செலவு. பெங்களூரு 2025 ஏப்ரல் முதல் கட்டடப் பரப்பைப் பொறுத்து வீடுகளுக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 400 ரூபாய் வரை நிர்ணயித்து, சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கத் தொடங்கியது.

சென்னையும் 2021 ஜனவரி முதல் வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அந்த அறிவிப்பு வந்தபோது மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2016 முதல் 2022 வரை அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினார்கள். வார்டு கவுன்சிலர் ஒருவர்கூட எழுந்து கேள்வி கேட்க வழியில்லாத நேரத்தில் வந்த கட்டணம் அது. மக்கள் முகம் சுளித்ததற்குக் கஞ்சத்தனத்தை மட்டும் காரணம் சொல்வது அநியாயம்.

சொத்து வரி கட்டுகிறோமே, குப்பைக்குத் தனியாக எதற்கு என்ற கேள்வியிலும் பொருள் உண்டு. அதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. கேபிள் கட்டணம் கட்டாதவருக்கு இணைப்பைத் துண்டித்தால் இழப்பு அவரோடு முடிந்துவிடும். குப்பையை எடுக்காமல் விட்டால் அது தெருமுனைக்கு வரும், மழைநீர் வடிகாலை அடைக்கும், எலியையும் கொசுவையும் வளர்க்கும், எரித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் ஏறும். கட்டணம் கட்டிய வீட்டையும் அதனால் வரும் நோய் விட்டுவைக்காது. ஆகவே ‘பணம் தந்தவருக்கு மட்டும் சேவை’ என்ற விதி இங்கே செல்லாது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் எல்லா வீட்டிலும் எடுத்தே ஆக வேண்டிய ஒன்றைச் சந்தைச் சரக்காகக் கருத இயலாது.

அப்படியானால் பொதுப்பணத்திலேயே நடக்கட்டும் என்று முடித்துவிடலாமா? அதற்குமுன், பொதுப்பணம் போதாதபோது ஈடுகட்டுபவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

முதலில், குப்பைக் கிடங்கை ஒட்டி வாழ்பவர்கள். சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடியும் பல பத்தாண்டுகளாக அதைத் தாங்கின. பிரிக்காமல் கொண்டுபோய்க் கொட்டுவது மலிவான வழியாகத் தெரிந்தது. கொடுங்கையூரில் ஏறத்தாழ 250 ஏக்கரில் குவிந்த 60 லட்சம் டன்னுக்கும் அதிகமான பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்க இன்று 600 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் போட வேண்டியிருக்கிறது. பெருங்குடி மேடு 2022 ஏப்ரலில் தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. நகரம் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தை, அங்கே குடியிருந்தவர்கள் இருமலாகவும் கெட்டுப்போன கிணற்று நீராகவும் கட்டி வந்தார்கள். அதற்கு ரசீது இல்லை.

அடுத்து, குப்பையை அள்ளுபவர்கள். 2025 ஆகஸ்டில் சென்னையின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு இரவு பகலாக அமர்ந்து போராடினார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் பெற்றவர்களுக்குப் புதிய ஏற்பாட்டில் 17,000 ரூபாய்கூடத் தேறாது என்பதும், பல்லாண்டு உழைத்தும் பணி நிரந்தரம் இல்லை என்பதும் அவர்களின் முறையீடு.

ஒப்பந்தம் விடுவதே பாவம் என்று சொல்ல வேண்டியதில்லை. லாரிகள் வீணாக ஓடும் தூரத்தைக் குறைத்து ஒரு நிறுவனம் பணம் மிச்சப்படுத்தினால் அது திறமை. கூலியைக் குறைத்து மிச்சப்படுத்தினால், நகரத்தின் செலவு ஏழைத் தொழிலாளியின் பைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ‘இந்தக் கூலிக்கும் ஆள் கிடைக்கிறதே’ என்ற பதில் இங்கே நிற்காது. இந்த வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களில் கணிசமானோர் பெண்கள். வேறு கதவுகளைச் சாதி மூடிவைத்திருக்கும் இடத்தில் மலிவாகக் கிடைக்கும் உழைப்பைச் சந்தை விலை என்று ஒப்புக்கொள்ள முடியாது.

கட்டணம் என்றாலே அநீதி என்பதும் சரியல்ல. புனேயில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள் தாங்களே உரிமையாளர்களாக நடத்தும் ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பு, 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடுவீடாகக் குப்பை எடுக்கிறது. வீட்டார் கொடுக்கும் கட்டணம் எடுப்பவரின் கைக்கே போகிறது. பிரித்தெடுத்த பழைய பொருளை விற்கும் காசும் அவருக்கே. குடிசைப் பகுதிகளுக்குக் கட்டணம் குறைவு. அதை ஈடுகட்ட மாநகராட்சி உதவித்தொகை தருகிறது. பணம் உழைப்பவரிடம் போய்ச் சேர்ந்தால் கட்டணமும் கண்ணியமாக இருக்கலாம். ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. தராத வீட்டால் வரும் நட்டம் வசூலுக்குப் போகும் பெண்ணின் வருமானத்தில்தான் முதலில் விழுகிறது.

இரு தரப்பையும் எடைபோட்டால் ஒரு வரிசை தெளிகிறது. எந்த வீட்டையும் விடாமல் எடுக்கும் அடிப்படைச் சேகரிப்பு, சொத்தின் அளவுக்கேற்ப ஏறும் வரியிலிருந்து நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் சொத்து வரி உயர்ந்தபோது சிறு வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் விகிதம் வைத்தார்கள். அந்தப் பாதை சரியானது. தனிக் கட்டணத்தைத் தவிர்க்கக்கூடிய சுமைக்கே விதிக்கலாம்: நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தள்ளும் ஓட்டல், திருமண மண்டபம், அடுக்ககம் ஆகியவற்றுக்கும், இடமும் வசதியும் இருந்தும் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்க மறுக்கும் வீடுகளுக்கும். வரும் பணத்தில் கூலிக்கும் கிடங்குச் சீரமைப்புக்கும் முதல் உரிமை, மற்றவை பிறகு.

வரியை ஏற்றினால் ஓட்டுப் போகும் என்பது அரசியல்வாதியின் அச்சம். அதற்கு மருந்து கணக்கைத் திறந்து வைப்பதுதான். ஒவ்வொரு வார்டிலும் எவ்வளவு குப்பை சேர்ந்தது, அது எங்கே போனது, எடுத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பதை மாமன்றத்தில் வைத்து விவாதித்தபின் கேட்கும் வரியை மறுப்பவருக்குச் சொல்ல நியாயம் மிச்சமிருக்காது. அப்படிக் கேட்கத் துணியாமல் ‘வரிச்சுமை இல்லாத வரவு செலவுத் திட்டம்’ என்று மேடையில் பெருமை பேசும் நிர்வாகம் யாருக்கும் சலுகை தரவில்லை. எதிர்க்கும் வலு இல்லாதவர்களைத் தேடிப்போய் வசூல் செய்கிறது.